வாடகை வாய்

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறார். பிறகு வளையல், பிறகு மோதிரம், கடைசியாகக் காலணி. மைக் முன்னால் எதுவும் கிணுகிணுக்கக் கூடாது, சரி, காலணி என்ன செய்தது என்று கேட்டால், "எழுந்து நின்னு பேசறவங்களுக்குத்தான் அது வேணும். நான் நிக்கறதே இல்லையே" என்பார். ஆறிய வெந்நீர் ஒரு வாய். பால் கலந்த எதையும் காலையிலிருந்து தொட்டிருக்க மாட்டார். பால் தொண்டையில் ஏடு கட்டும்; ஏடு கட்டினால் அமைச்சருக்குக் கபம் வந்துவிடும். வலது காதில் முழுதாகவும் இடது காதில் பாதியாகவும் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் கீழே பார்க்கிறார். கார்டிஃப் விரிகுடாவில், வெல்ஷ் நாட்டுப் பேரவையின் செவ்வாய்க்கிழமைக் கேள்வி நேரம் தொடங்குகிறது.

நெரிஸ் பிரிச்சர்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவையில் யாராவது வெல்ஷ் மொழியில் பேசினால், பேசுகிறவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது இவர் வேலை. அவையில் பாதிப் பேருக்கும், மேலே பார்வையாளர் மாடத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் வெல்ஷ் தெரியாது. அவர்கள் காதில் விழும் அமைச்சரும் நெரிஸ்தான், அமைச்சரைத் திட்டும் எதிர்க்கட்சிக்காரரும் நெரிஸ்தான்.

"அமைச்சர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றாக வேண்டும். ஒரே பிற்பகலில் வீட்டு வசதி அமைச்சராகி, காத்திருப்போர் பட்டியல் நீண்டதற்கு வருந்துவார். எதிர்க்கட்சியாகி அந்த வருத்தத்தைக் கிழித்துப் போடுவார். எரிசக்தி அமைச்சராகிக் காற்றாலைகளை எண்ணிக் காட்டுவார். கலைத்துறை அமைச்சராகி, நாடக மன்றங்களின் மானியம் குறைக்கப்படவில்லை, 'மறுசீரமைக்கப்பட்டது' என்பார். பதினெட்டு வருடம் இப்படி. வீட்டில் "நான் என்ன நினைக்கிறேன்னா" என்று தொடங்கினால் கணவர் ஹியூ நிமிராமல் கேட்பார்: "இது யாரோட நான்?"

மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டில் இவரோடு இருப்பவர் ஆலெட். அரை மணிக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்வார்கள். ஆலெட் இளகிய மனசுக்காரர். தடுமாறும் உறுப்பினரின் உளறலை ஒரு தட்டுத் தட்டி, மடித்து, வாக்கியமாக்கிக் கொடுத்துவிடுவார். நெரிஸ் அதைச் செய்ய மாட்டார். "எங்கிட்ட குப்பையக் கொடுத்தா நானும் குப்பையத்தான் கொடுப்பேன். குப்பையக் கூட்டி அல்வாவாக் கொடுக்க எனக்குத் தனிச் சம்பளமா தர்றாங்க?" 'பரிசீலனையில் இருக்கிறது' என்பதற்கு வெல்ஷில் எத்தனை விதமான சொற்றொடர்கள் உண்டு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். நாற்பத்துமூன்றாவதைப் போன மாதம் எழுதினார். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. எதிர்க்கட்சி உறுப்பினர் யெஸ்டின் பியூ எழுந்தார். கூம் எஸ்கேர் என்ற மலைப்பள்ளத்து ஊரைப் பற்றிய கேள்வி. குளிர் தாங்கவும் எரிபொருள் மிச்சமாகவும் அரசாங்கமே முன்னின்று அங்கே அறுபத்துநான்கு வீடுகளுக்கு வெளிச்சுவரில் கம்பளிபோல ஓர் உறை போட்டுப் பூசியது. பூச்சு வெடித்தது.

"கம்பளி போத்தினீங்க, தலைவரே, நல்லது. கம்பளிக்குள்ள மழை பூந்துடுச்சு. இப்ப அறுபத்துநாலு வீடும் ஈரக் கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்குது. ஒப்பந்தக்காரர் திவால். உத்தரவாதம் கொடுத்தவரும் திவால். ஜனங்க கூடி அழறதுக்கு ஒரு கலையரங்கம் இருந்துச்சு. சூடாக்கக் காசில்லன்னு அதையும் பூட்டியாச்சு. ஊர் பித்தளை வாத்தியக்காரங்க தரைவிரிப்புக் கிடங்குல நின்னு ஊதறாங்க. வீடு ஒரு மந்திரி, எரிசக்தி ஒரு மந்திரி, கலை ஒரு மந்திரின்னு மூணு பேரையும் அனுப்பாதீங்க. எனக்கு ஒரே கேள்விதான். அந்தச் சுவத்த யாரு சரி பண்ணுவாங்க?"

பணக்காரர் சுவரில் தவறு நடந்தால் வழக்கு நடக்கும். ஏழையின் சுவரில் நடந்தால் கேள்வி நேரம் நடக்கும். மூன்று வருடத்தில் இது ஒன்பதாவது முறை.

வீட்டு வசதி அமைச்சர் மென்னா ஹாப்கின் வழக்கம்போலத் தாளைப் பார்த்துத் தொடங்கினார். உறுப்பினரின் அக்கறையைப் பகிர்ந்துகொண்டார். சிக்கலின் பல பரிமாணங்களைக் குறிப்பிட்டார். நெரிஸும் கூடவே பகிர்ந்துகொண்டு, குறிப்பிட்டார். நடுவில் அமைச்சர் நின்றுவிட்டார். தாளைக் கீழே வைத்தார்.

"போன மாசம் அங்க போனேன். ஒரு வீட்டுல சுவத்த தொட்டுப் பாத்தேன். உள்ளங்கை நனைஞ்சுபோச்சு" என்றார். பிறகு ஒரு வாக்கியம். அதை நெரிஸ் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒவ்வொரு வீட்டையும் நாங்கள் சரிசெய்வோம்."

மாடத்தில் கூம் எஸ்கேர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நொடி தாமதித்துக் கைதட்டினார்கள். கைதட்டக் கூடாது என்று சொல்லக் காவலர் வந்தார், சொல்லாமலே நின்றார்.

அன்று சிற்றுண்டிச்சாலை வரிசையில் நெரிஸ் வெந்நீர் கேட்டபோது, முன்னால் நின்ற ஒரு பெண் சட்டென்று திரும்பினார். மாடத்திலிருந்து இறங்கி வந்த கூம் எஸ்கேர்க்காரர், பெயர் மோரின் பாஸெட்.

"அந்தக் குரலு. நீங்கதானே கண்ணு, சரிசெய்வோம்னு சொன்னது?"

"நான் சொல்லல. மந்திரி சொன்னாங்க."

"அவங்க என்னமோ சொன்னாங்க, எனக்கு எங்க புரிஞ்சுது? நீங்க சொன்னதுதான் புரிஞ்சுது." மோரின் தட்டில் இருந்த கேக்கில் பாதியைப் பிட்டு நெரிஸின் தட்டில் வைத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி. ரெண்டு குளிர்காலமா சமையல்கட்டுல நாற்காலியிலயே தூங்கறாரு. அந்த ஒரு சுவருதான் காஞ்சிருக்கு. இன்னிக்குப் போய்ச் சொல்லணும் அவர்கிட்ட."

மறுநாள் காலை அமைச்சரின் ஆலோசகர் ரிடியன் மொழிபெயர்ப்பாளர் அறைக்கு வந்தார்.

"நெரிஸ், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்துக்கு நீங்க மாடி ஏற மாட்டீங்களே."

விஷயம் உண்மையிலேயே சின்னதுதான். வெல்ஷில் 'பதுன் நி' என்றால் 'நாங்கள் செய்வோம்'. 'பதுன் இ' என்றால் 'முடியுமானால் நான் செய்வேன்'. வேகமாகச் சொன்னால் இரண்டும் 'பதுனி' என்றே காதில் விழும். 'ன்' ஒலி இரண்டு இருந்தால் அது அரசாங்கம். ஒன்றே என்றால் வெறும் ஆசை. அமைச்சர் சொன்னது ஆசைதான், அதை மொழிபெயர்ப்பாளர் அரசாங்கமாக்கிவிட்டார் என்றார் ரிடியன். ஒலிப்பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டார்கள். 'ன்' ஒன்றா இரண்டா என்று கருவி சொல்லவில்லை.

"இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து போதும். மொழிபெயர்ப்புப் பிழைன்னு. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு நடக்கறதுதானே?"

"நடக்கும். போன வருஷம் காத்தாலைய கல்லறைன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே நானாப் போய் எழுதிக் கொடுத்தேன். இது அப்படி இல்ல. மென்னா மேற்கத்திப் பால்பண்ணை வீட்டுப் பொண்ணு. 'முடிஞ்சா செய்வேன்'னு அந்த ஊர்ல சொல்லணும்னா, 'பதென் இ'ம்பாங்க. பதுன் இல்ல, பதென். பதினோரு வருஷமா அவங்க வாயா இருக்கேன். தாள் இல்லாம பேசும்போது, ஆசைக்கு ஒருநாளும் அவங்க பதுன் போட்டதில்ல."

ரிடியன் தயாராகத்தான் வந்திருந்தார். "அவைப் பதிவேட்டப் பாத்துட்டேன். நூறு இடத்துல 'பதுன் இ'ன்னுதான் அச்சாகியிருக்கு."

"அச்சுல வட்டாரப் பேச்ச புத்தகப் பேச்சாத் திருத்தித்தானே போடறாங்க. எல்லாப் பதெனும் அங்க பதுனாயிடும்."

"அப்ப உங்க காதத் தவிர அத்தாட்சி இல்ல."

"ரிடியன், என் வாய் வாடகை வாய். உங்க மந்திரி எதக் கொடுத்தாலும் அது பேசும். காத நான் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்ல."

படிவம் மேசையிலேயே இருந்தது. அடுத்த செவ்வாய் மாலை பதிவேடு மூடப்படும். அதற்குள் வேறு அத்தாட்சி வராவிட்டால், 'ஒலி தெளிவில்லை. உறுதிமொழியாகக் கொள்ள இயலாது' என்ற அடிக்குறிப்போடு அச்சாகும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நெரிஸ் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டார். மென்னா ஹாப்கினின் பதினோரு வருடம். தாளைப் பார்த்து வாசிக்கும்போது அமைச்சர் புத்தகம்போலத்தான் பேசுகிறார், எங்கும் பதுன். தாளை விட்டு வந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் இந்தச் சொல் விழவில்லை. காது சிவந்ததுதான் மிச்சம். மக்களாட்சியில் ஒரு மனுஷி பதினோரு வருடத்தில் தன் சொந்தப் பேச்சைப் பேசியது மொத்தமாகக் கால் மணி நேரம் இருக்குமா என்று அவருக்கு ஆயாசமாக இருந்தது. கோபம்கூட வரவில்லை. அந்தத் தொட்ட கையும் நனைந்த உள்ளங்கையும் பொய்யில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை மென்னா மனதாரத்தான் சொன்னார். மறுநாள்தான் யாரோ கணக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

"கையெழுத்தப் போட்டுத் தொலை நெரிஸ்" என்றார் ஆலெட் திங்கட்கிழமை. "பதிவேட்டுல கிடக்கற வார்த்தையா வந்து சுவத்துக்குப் பூசப் போகுது?"

"பூசாது. பூசாதவங்க சட்டையப் பிடிக்க அது ஒண்ணுதான் இருக்கு."

செவ்வாய்க்கிழமை. மாடத்தில் மோரினோடு ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள்; பேருந்துக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். யெஸ்டின் பியூ எழுந்து, போன வாரத்து உறுதிமொழியின்படி வேலை என்றைக்குத் தொடங்கும் என்று கேட்டார்.

மென்னா ஹாப்கின் தாளை வாசித்தார். நெரிஸ் தன் குரலில் சொன்னார்: "மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையால் உண்டான குழப்பத்துக்கு நான் வருந்துகிறேன்." ஆலெட் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். குரலில் ஒரு மடிப்பும் இல்லை. அமைச்சர் எவ்வளவு வருந்தினாரோ அவ்வளவே வருந்தியது அது, ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ இல்லை.

"அப்படியா?" என்றார் பியூ. "அப்ப அந்தச் சுவத்த தொட்டு நனைஞ்ச கையும் மொழிபெயர்ப்பாளரோடதுதானா?"

அவை சிரித்தது. அமைச்சரின் கழுத்து சிவந்தது. தாள் கீழே போனது.

"என் கைதான். என் கைதான்யா அது. நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? காசு மட்டும் கையில இருந்தா, அத்தனை வீட்டையும் நான் சரி பண்ணுவேன்." மேற்கத்திப் பால்பண்ணை வீட்டுப் பேச்சு, ரோஷத்தோடு, தாளில்லாமல். நெரிஸின் வலது காதில் அந்தச் சொல் முழுதாக விழுந்தது. பதுன் அல்ல. பதென்.

"பணம் இருந்தால், எல்லா வீடுகளையும் நான் சரிசெய்வேன்" என்றார் நெரிஸ் மைக்கில். சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லத்தான் சம்பளம். மாடத்தில் மோரின் பாஸெட் அமைச்சரைப் பார்க்கவில்லை. காதுக் கருவியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கூண்டின் கண்ணாடியையே பார்த்தார்.

அமைச்சர் மேலே பேசிக்கொண்டு போனார். நெரிஸின் வாயும் கூடவே போயிற்று: பல பரிமாணங்கள், முன்னுரிமைகள், வரும் நிதியாண்டு. கை மட்டும் தனியாக நகர்ந்து பென்சிலை எடுத்தது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் தாளில் எழுதினார்: இரண்டு மணி, நாற்பத்தொரு நிமிடம், பதினாறு வினாடி. பக்கத்தில் 'ஆசைக்குப் பதென்; போன வாரம் பதுன்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்து, தாளை ஆலெட்டின் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு, பதிவேடு மூடுவதற்குள் என்பதுபோல், விரலால் கதவைக் காட்டினார்.