ஏறுகிற வண்டிக்கு வழி

போடியில் எனக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மேடையில் "மாவட்டத்தின் முதல் பெண் ரேஸ் வீராங்கனை". மேடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தால் "ரிவர்ஸ் அக்கா". முதல் பெயர் வருடத்துக்கு ஒரு முறை, மகளிர் தினத்தன்று பொன்னாடையோடு வரும். இரண்டாவது அன்றாடம் வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கோ ஒரே ஒரு கையெழுத்து போதும். அதைப் போட வேண்டியவன் கூடப் பிறந்த அண்ணன்.

எங்கள் அப்பாவுக்கு ஜீப்புத் தொழில். காலையில் தேவாரத்திலும் ராசிங்காபுரத்திலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, ஏலக்காய் எஸ்டேட்டுகளில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். இது ஆண்களின் சோலி. ஒரு மழைக்காலத்தில் அண்ணன் கையை முறித்துக்கொண்டான். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அப்பா சாவியை என்னிடம் நீட்டினார். மகள் மேல் வைத்த நம்பிக்கை என்று பிற்பாடு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவள் நான். வேறு வழியில்லாத முகம் அது.

எங்கள் மலையில் எந்தப் பலகையிலும் எழுத வேண்டியிராத சட்டம் ஒன்று உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. லோடோடு ஏறுகிற ஜீப்பை ஏற்றத்தில் நிறுத்தினால் அது பின்னால் உருளும். பின்னால் பள்ளம். அதனால் இறங்குகிறவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் நின்று, தேவைப்பட்டால் பின்னுக்கு ஏறி, அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். ஏறுகிறவன் நன்றிக்கு இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இது யோசித்துச் செய்வது இல்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்துவது போலக் கை தானாகச் செய்யும்.

அண்ணனின் கை சரியானதும் சாவி அவனிடம் போய்விட்டது. எனக்கு வண்டி போதை மட்டும் மிஞ்சியது. கல்லூரிக்கு என்று கோயம்புத்தூர் போனவள், பழைய கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன். முதல் மாதம் தேநீர் வாங்கி வரச் சொன்னார்கள். ஒரு நாள் மண் தடத்தில் ஓட்டிக் காட்டினேன். அதன்பிறகு தேநீரை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பந்தயம் என்று வந்தபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் பெண்கள் பிரிவுக் கோப்பை. பெண்கள் பிரிவில் பெரும்பாலும் நான் ஒருத்திதான். ஒருத்தியே ஓடி ஒருத்தியே ஜெயித்து வாங்கிய கோப்பைகள் இன்றும் என் அம்மாவின் பீரோவுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் துடைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதெல்லாம் மாறுவதற்கு ஒரு வழி வந்தது. ஒரு பெரிய அணி, வருடம் முழுவதும் ஓட்ட ஒரு காரும் சம்பளமும் தருவதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்றுதான். அடுத்த ராலியில் ஆண் பெண் பார்க்காமல் மொத்தக் கணக்கில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும். அந்த ராலியின் கடைசிக் கட்டம் எங்கே நடந்தது தெரியுமா? எங்கள் மலைச் சரிவில், ஏலக்காய் எஸ்டேட்டுகளின் மண் ரோட்டில். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். அந்த ரோட்டில் எந்த வளைவில் தண்ணீர் கசியும் என்றுகூட எனக்குத் தெரியும்.

ராலியில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ரோட்டை அடைத்துவிட்டு, சில நிமிட இடைவெளியில், முதல் இடத்தில் இருப்பவரிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு காராக மேலிருந்து கீழே விடுவார்கள். நேரத்தைப் பார்த்துத்தான் வெற்றி. அன்று காலை புறப்படும்போது நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்ல சென்னைப் பெண் ஒருத்தி. பனிமூட்டம் இருந்தது. அந்தப் பனி எனக்குப் பழகியது, மற்றவர்களுக்குப் புதியது.

பாதித் தூரம் பறந்து வந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு நாள் என் வாழ்வில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் கீழே ஒரு சத்தம் கேட்டது. முதல் கியரில் லோடோடு முனகி ஏறும் ஜீப்பின் சத்தம். அடைத்த ரோட்டில் ஜீப்பா என்று புத்தி கேட்பதற்குள் கால் பிரேக்கில் இருந்தது. பனிக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு இரண்டு வந்தன. எங்கள் வீட்டு ஜீப்பு. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பதின்மூன்று பெண்கள். ஓட்டியவன் என் அண்ணன்.

பக்கத்துப் பெண் "என்ன பண்றீங்க" என்று கத்தினாள். நான் அதற்குள் ரிவர்ஸ் போட்டிருந்தேன். வளைவைத் தாண்டிப் பின்னுக்கு ஏறி, அகலமான இடத்தில் ஒதுங்கினேன். ஜீப்பு என்னைத் தாண்டியது. பெண்கள் சிலர் கை காட்டினார்கள். அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, அங்கேயே பிரியும் எஸ்டேட்டுத் தடத்துக்குள் திரும்பி மறைந்துவிட்டான். ஒன்றரை நிமிடம் போயிருக்கும். ராலியில் அது ஒரு ஆயுசு. எட்டாவதாக வந்தேன்.

வளைவுக்கு மேலே கொடி பிடித்து நின்றவர் பனியில் என் ரிவர்ஸ் விளக்கை மட்டும் பார்த்திருந்தார். "வளைவைக் கண்டு பயந்து பின்னுக்கு வந்தார்" என்று எழுதிக் கொடுத்தார். என் கூட வந்தவள் சாட்சி சொன்னாள். அதே காரில் இருந்தவள் சொல்வது செல்லாது என்றார்கள். நடுவர்களில் ஒருவர் நல்லவர். "குறுக்கே வந்த டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போன நேரத்தைத் திருப்பித் தந்துவிடலாம். நாளைக்குள் வேண்டும்" என்றார்.

நானே என் கையால் ஆறு வரி எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நானா? நான் அந்தப் பக்கமே வரலையே" என்றான்.

"அண்ணே, ஹாரன் அடிச்சியே."

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "ஆத்தா, பதிமூணு பேர ஏத்திருந்தேன். அடச்ச ரோட்டுக்குள்ள வேற போயிருக்கேன். எழுதிக் குடுத்தா பெர்மிட்டு போயிரும். எஸ்டேட்டுக்காரன் வேற வண்டி பாத்துக்குவான்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவனுக்கு ரெண்டு புள்ளைக இருக்கு. அது பொழப்பு. உன்னது வெளையாட்டுத்தானே ஆத்தா" என்றார்.

மறுநாள் ராசிங்காபுரத்துக்குப் போய், கை காட்டிய பெண்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் மறைக்கவில்லை. "பாத்தோம்த்தா. நீ ஒதுங்கலேன்னா நாங்க பள்ளத்துல கெடந்திருப்போம். ஆனா நாளைக்கும் ஒங்கண்ணன் வண்டியிலதானே ஏறணும்" என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. கோபம் முழுவதையும் வீட்டுக்காக வைத்துக்கொண்டேன்.

அணிக்கு வேறு ஆள் கிடைத்தான். அதன்பின் சில வருடங்கள் யார் யாரோ தந்த பழைய கார்களை ஓட்டினேன். எங்கே போனாலும் கதை எனக்கு முன்னால் போயிருந்தது. ஆண் பிரேக் அடித்தால் நிதானம், பெண் அடித்தால் பயம். இப்போது போடியில் பெண்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டக் கற்றுத் தருகிறேன். முதல் பாடமே ரிவர்ஸ்தான். அதிலும் ஊருக்கு ஒரு சிரிப்பு.

அண்ணனுக்கு இப்போது ஐந்து ஜீப்புகள். சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றுகிறான். அலுவலகச் சுவரில், கோப்பையோடு நான் நிற்கும் படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. என்னிடம் கேட்டு மாட்டியது இல்லை. போன மகளிர் தினத்தன்று ஒரு பள்ளியில் என்னைக் கௌரவித்தார்கள். குடும்பத்தின் சார்பில் அவனைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தவன், ராலி கதையை எடுத்தான்.

"அன்னைக்கு எஸ்டேட்டுக்கு நேரமாகிப்போச்சு. ரோட்ட அடச்சிருந்தாக. மொத வண்டி எறங்கிப் போனதப் பாத்தேன். அடுத்து வர்ற வண்டி எந்தங்கச்சியோடதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் தைரியமா ஏத்துனேன். வேற எவனா இருந்தாலும் இடிச்சிருப்பான். எந்தங்கச்சி நிப்பான்னு எனக்குத் தெரியும்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் அவன் தெரியாமல் வந்துவிட்டான், அகப்பட்டுக்கொண்டதும் பயந்துவிட்டான் என்று நினைத்து, அந்த நினைப்பில் அவனைப் பாதி மன்னித்தும் வைத்திருந்தேன். எத்தனை பெரிய முட்டாள் நான். என்னை நம்பித்தான் என் வழியில் வந்திருக்கிறான்.

கூட்டம் கலைந்ததும் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய அதே ஆறு வரி.

"இப்ப எதுக்கு ஆத்தா? அந்த ராலியே நின்னுபோச்சு. யார்ட்ட குடுக்கப் போற?"

"எனக்கு வேணும்ணே."

படித்தான். சுற்றிலும் பார்த்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்ல போட்டுக் கொண்டாறேன்" என்றான். நூறு பேர் கேட்க மைக்கில் சொன்னவனுக்கு, பேனா எடுக்க மட்டும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மூன்று முறை கேட்டுவிட்டேன். தேடுகிறேன் என்கிறான்.

போன வாரம் போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். குறுகலான ஒரு வளைவில் அவன் ஜீப்பு ஏறி வந்தது, அவனே ஓட்டிக்கொண்டு, உள்ளே சுற்றுலாக்காரர்களோடு. கை தானாக ரிவர்ஸ் போட்டது. ஒதுங்கி நின்று கண்ணாடியை இறக்கினேன். அவன் என் பக்கத்தில் வந்தபோது, "அண்ணே, அந்தத் தாளு" என்றேன்.

"ஏத்தத்துல வண்டிய நிறுத்தக் கூடாது ஆத்தா, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிக்கொண்டே போனான். இரண்டு முறை ஹாரன் அடித்தான்.