ஆயாக் கொட்டகைக் குழாயில் வெள்ளைத் துணி

மலேசியாவில், பகாங் மாநிலத்து மக்கள் அத்தனை பேருக்கும் சுற்றுச்சூழல் எழுத்தறிவு ஊட்டப் போகிறோம் என்று ஒரு குழு கூடியது. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கூட்டம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் ஒருத்தி பக்கத்தில் நின்றால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கும். கேமரன் மலைக் குளிரில் ஏர்கோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் வைத்திருந்தது. அதில் ஒரு வாய் குடித்துவிட்டு, பிளாஸ்டிக்கை ஒழிப்பது எப்படி என்று ஆரம்பித்தார்கள். எரிச்சலில் நான் அந்தப் போத்தலைத் தொடவே இல்லை.

திட்டம் என்று சொன்னார்களே தவிர, பேச்செல்லாம் பொம்மையைப் பற்றித்தான். தேயிலைக் கொழுந்துக்குக் கண்ணும் மூக்கும் வைத்து ஒரு பொம்மை. மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளிக்கும் அது போகுமாம். அது சிரிக்க வேண்டுமா, கையாட்ட வேண்டுமா என்பதிலேயே காலைப்பொழுது கழிந்தது. மத்தியானம் அதற்கு ஒரு பாட்டு. நல்ல சாப்பாடு போட்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை வந்தது. என் அண்ணி நான் பிறந்த தோட்டத்தில்தான் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள். அந்தக் கொட்டகைக்கும் அதைச் சுற்றிய தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் மேலே ஓடையிலிருந்து தண்ணீர் வருகிறது. ஓடைக்கு மேலே மலையை வழித்துக் காய்கறித் தோட்டம் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் குழாயில் மண்தான் இறங்கும், செக்கச் செவேலென்று. அதனால் லயத்தில் எல்லாக் குழாய் வாயிலும் ஒரு துணி கட்டியிருக்கும். பழைய வேட்டிக் கிழிசல், சட்டைக் கிழிசல், கிடைத்தது எதுவோ அது. நாலு மழைக்கு அது மண் நிறமாகிவிடும். துணிக்குத் தப்பி வருகிற வண்டலை யார் தடுப்பது? கொட்டகைப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, முதல் பாடமாக ஒன்றே ஒன்றை வைக்கச் சொன்னேன். உன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா. அவ்வளவுதான் பாடம். ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். இன்னொருவர், விவசாயிகளின் மனம் புண்படுமே என்றார். பிள்ளைகளின் வயிறு புண்படுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆனால் தலைநகர் குவாந்தானிலிருந்து வந்திருந்த குழுத் தலைவி அம்மாள் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். நேரில் வந்து பார்க்கிறேன், நீங்கள் சொல்வது போல் இருந்தால் அதுதான் முதல் பாடம், ஓடை விஷயத்தையும் மேலிடத்தில் நானே பேசுகிறேன் என்றார். நான் நம்பினேன். இன்றைக்கும் அந்த அம்மாள் பொய் சொன்னதாக நினைக்கவில்லை.

அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எதையும் மாற்றாதீர்கள், குழாய்த் துணி அப்படியே இருக்கட்டும், அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினாள்.

தலையாட்டலை நம்பிய என் புத்தியை என்ன சொல்ல. நானும் அதே லயத்தில் வளர்ந்தவள்தானே? துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? புல்லை வெட்டுவார்கள், கால்வாயைத் தேய்த்துக் கழுவி ஓரத்தில் சுண்ணாம்பு அடிப்பார்கள், கொடியில் கிடக்கும் கந்தலையெல்லாம் உள்ளே அள்ளிப் போடுவார்கள். வெள்ளைக்காரத் துரை போய், இப்போது இருக்கிற துரை மோட்டாரில் வந்து பாதித் தூரத்திலேயே திரும்பிவிடுகிற ஆள். லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்கள் குடியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் மட்டும் சாகவில்லை. வந்தவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறார், குவாந்தானிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று. நான் குழுவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால், கால்வாய் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. கொட்டகை வாசலில் கோலம். குழாய்க்குக் குழாய் புத்தம் புது வெள்ளைத் துணி, பூ மாதிரி முடிச்சுப் போட்டு. மழையாவது கைகொடுத்ததா? சில நாளாக ஒரு சொட்டு இல்லை. தலைவி அம்மாள் குழாயைத் திறந்தார். தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது. இது மழைநாள் தண்ணீர் இல்லை, மேலே ஏறிப் போய் ஓடையைப் பார்க்கலாம் என்றேன். பாதை செங்குத்து, அவர்கள் காலில் போட்டு வந்த சப்பாத்து அப்படி, யாரும் ஏறவில்லை. அதற்குள் அண்ணி வடையும் தேநீரும் கொண்டுவந்து நீட்டினாள். எல்லாரும் குழாய்ப் பக்கம் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு சுத்தமான மக்கள் என்று தலைவி அம்மாள் உண்மையாகவே நெகிழ்ந்து போனார். என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

வேன் போனதும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்றுகூடக் கேட்டுவிட்டேன். அண்ணி தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ டீச்சர், பேசிட்டுப் போயிருவ," என்றாள். "அழுக்குத் துணியக் காட்டுனா தண்ணிய மாத்துவாங்களா, ஆயாவ மாத்துவாங்களா? நீயே சொல்லு லா."

தனக்கு முன்னால் இருந்த ஆயா, பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை என்று ஆபீசில் போய்ச் சொன்னவள், கைசுத்தம் போதாது என்று அவளைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்றாள். கோபம் இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் குழம்பிப்போனது.

அடுத்த கூட்டத்தில், நேரில் பார்த்ததில் அப்படியொரு பிரச்சினை தென்படவில்லை என்று என் பாடத்தை நீக்கிவிட்டார்கள். அதன் இடத்தில் 'தண்ணீரை வீணாக்காதீர்' என்ற பாடம் வந்தது. ஒழுகும் குழாயைப் பார்த்துத் தேயிலைக் கொழுந்துப் பொம்மை கண்ணீர் விடுகிற சுவரொட்டி அச்சானது. ஊர் ஊராகப் பொதுமக்களுக்கு வகுப்பு, குழுவில் இருந்த ஆசிரியர்களே அவரவர் வட்டாரத்தில் நடத்த வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு, கைதட்டினார்கள்.

சுவரொட்டி ஆயாக் கொட்டகைக்கும் வந்தது. அண்ணி அதைக் குழாய்க்கு மேலேயே ஒட்டினாள். ஒரு காலை, ராத்திரி முழுக்க மழை கொட்டியிருந்தது. செந்தண்ணீர் போய்த் தெளியட்டும் என்று அவள் குழாயைத் திறந்துவிட்டு, பிள்ளைகளின் பால்போத்தலை வைத்துக்கொண்டு காத்து நின்றிருக்கிறாள். வேறு வழி? தண்ணீர் கொஞ்சம் தெளிந்த நேரம் பார்த்து, சுவரொட்டி ஒட்டியாகிவிட்டதா என்று பார்க்கக் குழுவின் ஆள் ஒருவர் வந்து நின்றார். பொம்மை மேலே அழுகிறது, கீழே தண்ணீர் கால்வாயில் ஓடுகிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும். மண்ணைப் பற்றிச் சொன்னால் கொட்டகை வேலை போய்விடுமே என்று அண்ணிக்குப் பயம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிக் குழாயை மூடினாளாம்.

தண்ணீரை வீணாக்குகிறவள் என்று, எங்கள் தோட்டத்திலிருந்து சுற்றுச்சூழல் எழுத்தறிவு வகுப்புக்கு முதல் ஆளாக அண்ணியைத்தான் அனுப்பினார்கள். ரிங்லெட்டில் ஒரு மண்டபம். முன் வரிசையில் உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். பாடம் நடத்தியவள் நான்.