சும்மா கிடக்கிற புல்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு ராகலைப் பக்கத்தில் சொந்த லொறி, கொட்டில் நிறையக் கறவை மாடு, ரோட்டோரம் லீக்ஸும் கேரட்டும் போட்ட காய்கறித் தோட்டம் என்று இருக்கிறேன். எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. படித்தவர்கள் பேசினால் வாயைப் பிளந்து கேட்கிற ஆள் நானில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே ஒரு புல்மேடு இருக்கிறது. மானாப்புல் இடுப்பளவு நிற்கும். என் இளவட்டத்தில் அந்தப் புல் மலைக்கு மலை தொடர்ந்து போகும். பிறகு மலையை அழகாக்குகிறோம் என்று பைனஸ் மரத்தை வைத்தார்கள். அதன் அடியில் ஊசியிலை மெத்தை போலக் கிடக்கிறதே தவிர, ஒரு பூண்டு முளைக்காது. மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு ஏறியது. மிஞ்சியது இந்த மேடு மட்டும். என் மாடுகள் மேய்வது அங்கேதான். லயத்துச் சனம் குடம் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் ஊறி வருவதும் அங்கிருந்துதான்.

இந்த வருடம் மழைக்கு முன்னால், தோட்டத்து வேலையை மேய்க்கும் கண்டாக்கு சுற்றாடல் ஆபீசிலிருந்து ஒரு சின்ன உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மரநடுகை விழாவாம். நுவரெலியாவிலிருந்து கன்றுகளை ஏற்றிவர என் லொறி வேண்டுமாம்.

"எங்க நடப் போறீங்க தம்பி?"

"அந்த மேட்டுலதாங்க அய்யா. புல்லுதானே, சும்மா கெடக்குது."

சும்மாவா! அதே வாரம்தான் கீழே கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப்போட்ட மலையில், மண் செத்துவிட்டது, தேறட்டும் என்று பெண்களைக் கொண்டு மானாப்புல் நட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்றெல்லாம் இந்த மேட்டில் கிளப்பியதுதான்.

"ஏன் கண்டாக்கய்யா, கீழ நாள் கூலிக்குப் பேரு போட்டு, சம்பளம் குடுத்துப் புல்லு நடுறீங்க. மேல அதே புல்லப் புடுங்கிட்டு மரம் நடுறீங்க. மேல் மண்ணுக்கும் கீழ் மண்ணுக்கும் ஏதும் சண்டையா?"

கண்டாக்கு சிரித்தார். "அது தேயிலைக் கணக்குண்ணே. இது சுற்றாடல் கணக்கு. ரெண்டும் வேற வேற ஆபீசு."

"மரம் இருந்தாத்தானே அய்யா மழை வரும்?" என்றார் சின்னவர்.

"இங்க மழை வரலைன்னு யாருப்பா அழுதா?"

அவர் அசையவில்லை. நான் தராவிட்டால் வேறு லொறி பிடிப்பார்களாம். சரி, இவர்களிடம் புல்லைப் பற்றிப் பேசிப் புண்ணியமில்லை என்று வழியை மாற்றினேன்.

"பெரியவங்கல்லாம் வருவாங்களே, பளபளன்னு சப்பாத்தோட அந்த வழுக்கல்ல ஏறுவாங்களா? பேனர் கட்டக்கூட அங்க ஒரு மரமில்லையே தம்பி. ரோட்டோரம் என் லீக்ஸ் பாத்தி இருக்கு. வாகனம் பக்கத்துலயே நிக்கும். அங்க நடுங்க, லொறியும் நானே தர்றேன்."

சின்னவர் முகம் மலர்ந்துபோயிற்று. புல்லுக்காக அசையாதவர் பேனருக்காக அசைந்தார்.

பாதி வளர்ந்த லீக்ஸைப் பிடுங்கிக் குழி வெட்டினேன். என் வீட்டுக்காரி, "கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டாள். விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தைப் பசுமைக்குக் கொடுத்த பெருந்தகை என்று ஒலிவாங்கியில் முழங்கினார்கள். ராகலையிலேயே நல்ல லீக்ஸ் விளைகிற மண் என்னுடையது. அதற்குத் தரிசு என்று பெயர்! பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

கூட்டம் கலையும்போது சின்னவர் காதோடு காதாக, "அடுத்த வருசம் அந்த மேட்டுல வச்சுக்குவோமாங்க அய்யா?" என்றார்.

"அடுத்த வருசத்துக்குக் கேரட் பாத்தி இருக்கு தம்பி" என்றேன்.