ஐம்பத்தேழு, வரவில்லை

பி.யு.சி. முதல் வருடத்தையே, அதாவது பதினோராம் வகுப்பையே, முடிக்காத நான் கல்லூரியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ்தான் கையில் இருக்கிறது. பிழை இருந்தால் அது என்னுடையது, என் வாத்தியார்களுடையது அல்ல.

போன வாரம் என் தங்கை மகள் கேட்டாள்: "பெரிம்மா, காலேஜ் ஃபர்ஸ்ட் டே என்ன பண்ணணும்?" விளையாட்டாகத்தான் கேட்டாள். "நல்லா சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்ல வேண்டியது வேறு. ஆனால் அது அவளுக்குத் தேவைப்படாது, அவள் வாயாடி. அது தொண்ணூற்றிரண்டில் மர்பி டவுனிலிருந்து பஸ் ஏறிய பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது. அந்தப் பெண் நான்தான். அவளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் தெருவில் அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு வாங்கியவள் நான் ஒருத்திதான். அப்பா எம்.ஜி. ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். "எந்த மாடி" என்பதை நான்கு பாஷையில் கேட்பார். வீட்டுக்கு வந்தால் ஒரு பாஷையிலும் அதிகம் பேச மாட்டார்.

அதற்கு முந்தின டிசம்பரில்தான் காவிரித் தண்ணீரை வைத்து, கன்னடக்காரர்கள் நடுவே நாங்கள் இருந்த அந்த ஊரில், தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. எங்கள் தெருவுக்குள் யாரும் வரவில்லை. ஆனால் அப்பா கதவில் மாட்டியிருந்த தமிழ்த் தேதிக் காலண்டரைக் கழற்றி உள்ளே பீரோவுக்குப் பின்னால் மாட்டினார். அது ஜூன் மாதத்திலும் அங்கேயேதான் இருந்தது. காலேஜுக்குக் கிளம்பிய அன்று காலை, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸுல, காலேஜுல, எங்கயும் வாயத் தொறந்து தமிழ் பேசாத. கேட்டா கன்னடத்துல சொல்லு, இல்ல இங்கிலீஷ்ல சொல்லு. ரெண்டும் வரலன்னா சும்மா இரு." பஸ்ஸில் அவரை அப்பா என்று மட்டும் கூப்பிடலாம், அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான் என்றார்.

வகுப்பில் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தோம். முதல் பாடம் எகனாமிக்ஸ். மேடம் மேடையேறியதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஆங்கிலத்தில், எண்களை மட்டும் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். பெயர் கிடையாது. எஸ் மேடம், பிரசன்ட் மேடம் என்று சத்தம் முன் பெஞ்சிலிருந்து பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. என் எண் ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே சொல்கிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. ஐம்பத்தேழு என்றதும், பத்து வருடம் தினமும் காலையில் சொல்லிப் பழகியது தானாக வெளியே வந்தது: "உள்ளேன் ஐயா."

மேடையில் இருந்தவர் ஒரு பெண். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பின்னால் ஒருத்தி அதையே நீட்டி முழக்கிச் சொன்னாள். மொத்த வகுப்பும் சிரித்தது. மேடம் தலை நிமிரவில்லை; அந்தச் சிரிப்பில் நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. "ஃபிஃப்டி செவன் ஆப்சென்ட்" என்று எழுதிவிட்டு ஐம்பத்தெட்டுக்குப் போனார். நான் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பெண்ணே. அன்று வகுப்பு முடிந்து மேடம் வெளியே போகும்போது, தாழ்வாரத்தில் பின்னாலேயே போய், ஒரு துண்டுக் காகிதத்தில் உன் எண்ணை எழுதி நீட்டியிருந்தால் போதும். பேசக்கூட வேண்டாம். எழுத உனக்கு வரும்.

நான் போகவில்லை. மறுநாள் சரியாகச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வழி முழுக்க, உதடு மட்டும் அசைய, பிரசன்ட் மேடம், பிரசன்ட் மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் எண் ஐம்பதைத் தாண்டியதும் காது அடைத்தது. ஐம்பத்தாறு கேட்டது. அடுத்து நான் கேட்டது ஐம்பத்தெட்டு.

மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு வாரம் ஆனதும் வேறு ஒரு பயம் சேர்ந்துகொண்டது. இப்போது திடீரென்று பிரசன்ட் என்று சொன்னால், இத்தனை நாள் எங்கே போனாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்களே. ஒரு நாள் தள்ளிப்போட்டால் கேள்வி ஒரு நாள் அளவுக்குப் பெரிதாகும் என்று எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தும் தள்ளிப்போட்டேன். அக்கவுண்டன்சி, காமர்ஸ் வகுப்புகளிலும் எண்தான் கூப்பிட்டார்கள். கன்னட வாத்தியார் ஒருவர் மட்டும் ஒரு தாளைச் சுற்றவிட்டுக் கையெழுத்து வாங்கினார். அந்த ஒரு தாளில் மட்டும் நான் தினமும் காலேஜுக்கு வந்தேன்.

என் பெஞ்சில் நீலசந்திராவிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளும் தமிழ்தான், ஆனால் அவளுக்கு யாரும் பேசாதே என்று சொல்லவில்லை போலிருக்கிறது. பத்து நாள் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "உன் வாய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" பிறகு அவளே என் எண்ணுக்கும் குரல் கொடுக்க ஆரம்பித்தாள். வராதவர்களுக்குத்தான் பிராக்ஸி கொடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் கொடுத்தாள். நான்காம் நாள் மேடம் நிமிர்ந்து, ஒரே குரல் இரண்டு எண்ணுக்கு வருகிறதே, யார் என்றார். யாரும் எழவில்லை. எழுந்து, ஐம்பத்தேழு நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. நான் குனிந்து நோட்டில் தேதி போட்டேன். கடைசியில் அவள் எழுந்து நின்றாள். அந்த வாரம் முழுக்க எகனாமிக்ஸ் வகுப்புக்கு வெளியே நின்றாள். திரும்பி வந்ததும் என்மேல் கோபப்படவில்லை. "இனிமே நீதான் சொல்லணும். எனக்கு இருக்கறதே ஒரு தொண்ட" என்றாள்.

ஆகஸ்ட் முடிவில் மேடம் ஐம்பத்தாறிலிருந்து நேராக ஐம்பத்தெட்டுக்குத் தாவ ஆரம்பித்தார். படிப்பை நிறுத்திவிட்டவள் என்று நினைத்திருப்பார். அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த நிம்மதிக்காகத்தான் இன்றும் எனக்கு என்மேல் கோபம்.

மற்றபடி நன்றாகத்தான் படித்தேன். மேடம் சொல்வதை நோட்டில் எழுதி, ராத்திரி தமிழில் ஒரு முறை எனக்கே சொல்லிப் பார்ப்பேன். இடைத்தேர்வில் எகனாமிக்ஸில் அறுபத்தொன்று வந்தது. விடைத்தாள்களை மேஜையில் குவித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் எடுத்துப் போனபின் கடைசியாகப் போய் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் நோட்டீஸ் போர்டில் வருகை குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். அதில் இருப்பவர்களுக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பெற்றோர் நேரில் வந்து பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும். முதல் எண் ஐம்பத்தேழு. எதிரே, கன்னடம் தவிர எல்லாப் பாடத்துக்கும் நேராக, சைபர் மாதிரிதான் இருந்தது. பிராக்ஸி கொடுத்த மூன்று நாள் மட்டும் எகனாமிக்ஸில் மிச்சம்.

அப்பா ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, காக்கி யூனிஃபார்மோடு வந்தார். பிரின்சிபால் வயதானவர். எகனாமிக்ஸ் மேடம் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றார். என் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ஏ, ஏ என்று பக்கம் பக்கமாகப் போனது. மேடம் கன்னடத்தில் அப்பாவிடம் சொன்னது இதுதான்: இந்தப் பெண் கன்னட வகுப்புக்கு வருகிறாள், பரீட்சைக்கு வருகிறாள், மற்ற நேரம் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் இவளை வகுப்பில் பார்த்ததே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. எண்தான் அவருக்குத் தெரியும்.

அப்பா என்னை வெளியே கூட்டிவந்தார். தாழ்வாரத்தில் யாருமில்லை. அங்கேயும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உண்மையச் சொல்லு. எங்க போன?"

"கிளாசுக்குத்தான்பா."

"அப்ப அவங்களுக்கு ஏன் உன்னத் தெரியல?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால், வாயைத் திறக்காதே என்று அவர் சொன்ன அந்த முதல் நாள் காலையில்தான் கதை போய் நிற்கும். அதை அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் சும்மா இருந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கப்பன் பார்க், சினிமா தியேட்டர் என்று என்னென்னவோ அவர் கண்ணில் ஓடியது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

எங்களை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். கன்னட வகுப்புத் தாளில் என் கையெழுத்துக்கு அடுத்து இருந்த நீலசந்திராப் பெண்ணைப் பியூன் போய்க் கூட்டிவந்திருந்தான். அவள் அழகாகக் கன்னடத்தில் சொன்னாள்: மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம், ஒரு நாள் தவறாமல் வந்தாள், சார். மேடம் அவளைக் கூர்ந்து பார்த்து, பிராக்ஸி கொடுத்தவள் நீதானே என்றார். அதோடு அவள் சாட்சி போயிற்று. ஆனால் பிரின்சிபால் அறுபத்தொன்று மார்க்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். வகுப்புக்கு வராத பெண் எப்படி வாங்கினாள் என்பது அவருக்கு இடித்திருக்க வேண்டும். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்று செய்வோம் என்று என்னிடம் சொன்னார்: நான் இப்போது எண்ணைக் கூப்பிடுகிறேன். நீ பதில் சொல். சொல்லிவிட்டால் உன் தோழி சொல்வது உண்மை என்று எடுத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடுகிறேன். மேடமும் சரி என்று தலையாட்டினார்.

"ஃபிஃப்டி செவன்" என்றார் பிரின்சிபால்.

மின்விசிறி சுற்றியது. நான்கு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுத்தமான தமிழில், மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதேம்மா. எந்த பாஷைல வேணா சொல்லு."

எந்த பாஷையிலும் வரவில்லை. பல மாதம் கழித்து யாரோ என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அதைத் தாங்க முடியவில்லை. வகுப்பிலென்றால் என் எண் இரண்டு நொடியில் கடந்துவிடும்.

"இருக்கா சார்" என்றார் அப்பா, தமிழிலேயே. "எதிர்லதான் நிக்கிறா."

அவர் சொன்னால் செல்லாது என்று பிரின்சிபால் வருத்தமாகத்தான் சொன்னார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வாருங்கள், நாளையோடு பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும், என் கையில் இருப்பது அவ்வளவுதான் என்றார்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டமாக இருந்தது. அப்பா திரும்ப லிஃப்டுக்குப் போக வேண்டும். காலையில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு நேராக காலேஜ் கேட்டுக்கு வந்துவிடுவதாகவும், நான் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என் பஸ் வந்ததும், அத்தனை பேர் நடுவே சத்தமாகவே கேட்டார்: "நாளைக்குச் சொல்லிடுவ இல்லம்மா?" அந்தக் கலவரத்துக்குப் பிறகு வெளியில் அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன்.

தங்கை மகளுக்கு வேண்டாம்; உனக்குச் சொல்கிறேன். முதல் நாள் தப்பாகச் சொன்னதைப் பற்றி யோசிக்காதே. அது ஒரு நாள் சிரிப்பு. அடுத்த வாரம் வேறு ஒருத்தி தடுக்கி விழுந்திருப்பாள், அதற்குச் சிரித்திருப்பார்கள். இரண்டாம் நாள்தான் முக்கியம். இரண்டாம் நாள் சின்னதாக இருக்கும்போதே பிடித்துக்கொள். உனக்காக எழுந்து நின்றவள் பக்கத்தில் நீயும் எழுந்து நில், பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. ஹால் டிக்கெட் போனால்கூடப் போகட்டும், அப்பாவிடம் உள்ளதைச் சொல். அவர் வருத்தப்படுவார். ஆனால் நீ எங்கேயோ சுற்றினாய் என்று நினைத்துக்கொண்டு மிச்ச வருடங்களைக் கழிக்க மாட்டார்.

மறுநாள் அப்பா பத்தரை மணி வரை காலேஜ் கேட்டில் நின்றுவிட்டு வேலைக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்து வைத்தேன்.