சிலேட்டுக் கணக்கு

இரட்டிப்புக் கணக்கை எங்கள் வாத்தியார் கோப்பி இலையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். கண்டியில் அப்போது கோப்பியை, அதாவது காப்பியை, விட்டால் வேறு பேச்சே கிடையாது. இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படியும் புது நோய் ஒன்று வந்திருந்தது. வாராவாரம் எங்களை இலை பறித்துவரச் சொல்வார். என்னுடையவை பக்கத்து ஊரான குண்டசாலையில் அவருடைய சிறு தோட்டத்திலேயே பறித்தவை. புள்ளிகளை எண்ணி, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பலகையில் எழுதிக் காட்டினார்.

"முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். பாதித் தோட்டம் போச்சுன்னு நீ பாக்குறப்போ, மீதி போறதுக்கு ஒரேயொரு இரட்டிப்புதான் பாக்கி" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மனிதரைத் தெய்வமாகவே நினைத்தேன்.

என் அப்பா வண்டிக்காரர். கடுகண்ணாவை மலைப்பாதை வழியாகத் துறைமுகத்துக்குக் கோப்பி மூட்டை இறக்கியவர். ரயில் வந்தபின் வண்டிக்கு வேலை குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தன் தோட்டத்தை விற்கப்போவதாக வாத்தியார் சொல்லியனுப்பினார். மாடுகளை விற்று அதை வாங்கிவிட வேண்டுமென்று அப்பா துடித்தார். சொந்த மண் என்றால் சும்மாவா? போய்ப் பார்த்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். "இதெல்லாம் ஒரு நோயா?" என்று அப்பா சிரித்தார்.

பேச்சு முடிக்க வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கதிரையில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஐயா, நீங்க சொன்ன இரட்டிப்புப்படி பாத்தா அந்தத் தோட்டம் சீக்கிரமே போயிருமே?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "அது சிலேட்டுக் கணக்கு, அண்ணாச்சி. பிள்ளைங்களுக்குச் சொல்றது. செடிக்கு என்ன கணக்குத் தெரியும்?"

அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக்குடுக்கிறியா? உள்ள போ."

குட்டு வலிக்கவில்லை. நான் பறித்துக் கொடுத்த இலைகளை வைத்தே தன் தோட்டத்தின் ஆயுளைக் கணித்து, அதை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டாரே, அதுதான் இன்றுவரை எரிகிறது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

அடுத்த பருவம் பழம் பாதியாயிற்று. அதற்கடுத்த பருவம் அதிலும் பாதி. பிறகு பறிக்கப் பழமில்லை, செடிகள் மொட்டையாக நின்றன. அப்பா தான் வண்டி ஓட்டிய அதே சாலையில் கல் உடைக்கப் போனார்.

அந்த ஆண்டு வகுப்பில் வாத்தியார் பாதிக்கணக்கு நடத்தினார். "பாதி, பாதியில பாதின்னு குறைஞ்சுகிட்டே போனா, எப்போ ஒண்ணுமில்லாமப் போகும்?" என்று கேட்டு என்னைக் கைகாட்டினார்.

எழுந்து நின்றேன். "கணக்குல எப்பவுமே போகாதுங்கய்யா, கொஞ்சமாவது மிஞ்சும். எங்க தோட்டத்துல போயிருச்சு."

"முதல்ல சொன்னது சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பையனைக் கூப்பிட்டார்.