பட்டியலில் இல்லாத வெல்டா

எங்கள் ஷாம்ராக் ஊரில் முப்பது வயதுக்கு உட்பட்ட யாரைக் கேட்டாலும் வெல்டா ராஸ்கோவின் கண்கள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிப் பேருந்தின் உள்கண்ணாடியில் அந்த இரண்டு கண்களைப் பார்த்துப் பயந்து வளர்ந்த பிள்ளைகள்தானே எல்லோரும். இருபத்தேழு வருடம் அவள் அந்த மஞ்சள் வண்டியை ஓட்டினாள். ஆலங்கட்டி மழையில் ஓட்டினாள், எதிரே வருவது மாடா லாரியா என்று தெரியாத புழுதிக்காற்றில் ஓட்டினாள். எவனோ கொண்டுவந்த கொம்பு ஓணான் அவள் காலுறைக்குள் ஏறியபோதுகூட வண்டி கோட்டை விட்டு ஒரு சாண் நகரவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, அப்புறம்தான் காலுறையைக் கழற்றினாளாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு நடையும் முடிந்ததும் எழுந்து கடைசி சீட்டு வரை நடப்பாள். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பாள். குளிர்காலத்தில் சின்னதுகள் கோட்டுக்குள் சுருண்டு தூங்கிவிடும், கோட்டு எது பிள்ளை எது என்று தெரியாது. இருபத்தேழு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் வண்டிக்குள் மறந்ததில்லை.

இப்படிப்பட்டவள் கையில் சொந்தப் புருஷன் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை என்றால் நம்புவீர்களா? லீலண்ட் கொடுக்கவில்லை. தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்ற நல்ல மனுஷன்தான், வாய் அதிர்ந்து பேசாதவன்தான். ஆனால் படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கிற அந்த முப்பத்தோரு அடி வீட்டு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திய நாளிலிருந்து டிரைவர் சீட்டு அவனுக்குச் சிம்மாசனமாகிவிட்டது.

அவள் ஓய்வு பெற்ற அந்த வருடமே செப்டம்பரில் கிளம்பினார்கள். அறுபத்தாறாம் நம்பர் பழைய சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. வீட்டு வாசலிலிருந்து இடதுபக்கம் திரும்பினால் நேரே கலிஃபோர்னியா கடல். லீலண்ட் ஒப்புக்கொள்ளவில்லை. முதலிலிருந்து போனால்தான் போனதாகக் கணக்கு என்று ஆயிரம் மைல் வடகிழக்கே சிகாகோவுக்கு ஓட்டிப் போய், அங்கிருந்து ஆரம்பித்துத் திரும்பி வந்தான். எட்டாம் நாள் சொந்த வீட்டைக் கடந்தார்கள். வீட்டுக்குள் போய்ப் படுத்தால் பயணம் முறிந்துவிடும் என்று தன் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி வண்டிக்குள் தூங்கினான். பக்கத்து வீட்டுக்காரி பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஊரே ஒரு வாரம் சிரித்தது.

கிளம்பும்போது வெல்டா கேட்டது ஒன்றே ஒன்று. கடலைப் பார்ப்பதற்குள் இந்த வண்டியை நான் ஓட்ட வேண்டும். லீலண்டும் சரி என்றான். சிகாகோ நெரிசலைத் தாண்டட்டும் என்றான். செயின்ட் லூயிஸ் போகட்டும் என்றான். பிறகு டல்சா, பிறகு நம்ம ஊர், பிறகு ஆல்புகெர்க்கி. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண்களின் பொறுமையை நினைத்தால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனிடம் ஒரு பட்டியல் இருந்தது. அட்டையில் பதினாலு வரி, மேலே பிளாஸ்டிக் உறை, கயிற்றில் கட்டிய பேனா. வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பான். கூரை ஆன்டெனா இறங்கியதா, படி உள்ளே போனதா, கேஸ் மூடியதா, பின்னால் இழுத்து வரும் சின்னக் காரின் விளக்கு எரிகிறதா என்று. வெல்டா 'ஆச்சு, ஆச்சு' என்று பதில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் இன்னொரு கூத்து. வீட்டு வண்டிகள் தங்கும் மைதானத்தில் காரைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பின்னாலேயே எடுத்து அவரவர் இடத்தில் நுழைக்க வேண்டும். முன்பே வந்தவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே அதுதான் சினிமா. லீலண்ட் ஏழு தடவை முன்னே, எட்டு தடவை பின்னே போவான். வெல்டா பின்னால் நின்று கை காட்டிக் காட்டித் தோள் விட்டுப்போகும். கடைசியில் இறங்கி வந்து கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஒன்று சொல்வான்: "நீ சரியாக் காட்டல." பதினைந்து ஊரில் பதினைந்து தடவை சொல்லியிருக்கிறான்.

ஆல்புகெர்க்கிக்குப் பிறகு ஃபிளாக்ஸ்டாஃப் என்றிருந்தான். ஃபிளாக்ஸ்டாஃப் வந்தது. காற்று அடிக்கிறது என்றான். வெளியே ஒரு இலை ஆடவில்லை. வெல்டா மரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், எழுந்தாள்.

"எனக்குத் தலை வலிக்குது. கடல் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படுக்கைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

செலிக்மனில் பெட்ரோல் போட நிறுத்தினான். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு மீட்டரை முறைத்துக்கொண்டிருந்தபோது அவள் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிக் கழிவறைக்குப் போனாள். வரிசை நீளம். நிற்கிற நேரத்தில் கோபம் பாதி ஆறிவிட்டது. சரி, ஒழிகிறான் என்று கடைக்குள் போய் அவனுக்குப் பிடித்ததை வாங்கினாள். பாட்டில் கோலாவும் உப்பு வேர்க்கடலைப் பொட்டலமும். கடலையைக் கோலாவுக்குள் கொட்டிக் குடிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கொட்டித் தர வேண்டியது அவள் வேலை.

வெளியே வந்தால் வண்டி இல்லை.

காற்று பிடிக்கிற இடத்தில் பார்த்தாள். கடைக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம் சாலையைப் பார்த்தாள். பட்டியலின் பதினாலு வரியையும் அவன் சத்தமாகப் படித்து, தானே 'ஆச்சு' சொல்லி, கிளம்பிப் போயிருக்கிறான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகுதான் உறைத்தது. ஓட்டத்தான் விடவில்லை, இப்போது பக்கத்து சீட்டும் போய்விட்டதே. அவள் இல்லாமலே அவன் கடலைப் பார்த்துவிடுவான் போலிருக்கிறதே. கைபேசி படுக்கையில் சார்ஜில் கிடந்தது. அவன் எண் அவளுக்கு மனப்பாடம் இல்லை. மனப்பாடமாக இருந்தது பள்ளிக்கூட எண் மட்டும்.

அங்கேதான் வெண்டல் ஹாகனும் அவர் மனைவி ஜாய்ஸும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மின்னசோட்டாக்காரர்கள். அவர்களுடையது முப்பத்தெட்டு அடி வீட்டு வண்டி. கேஸ் பெட்டியின் கதவைத் திறந்தபோது உள்ளே கூடு கட்டியிருந்த குளவி வெண்டலின் இமையில் கொட்டிவிட்டது. ஒரு கண் மூடிக்கொண்டது, இன்னொன்று சேர்ந்து அழுதது. ஜாய்ஸ் ஊரில் கார் ஓட்டியதோடு சரி, இந்த வண்டியைத் தொட்டதில்லை. டாக்டரைப் பார்க்கக் கிங்மன் போக வேண்டும், பழைய சாலையில் எண்பத்தேழு மைல். லீலண்ட் ராத்திரிக்கு இடம் சொல்லி வைத்திருந்ததும் கிங்மனில்தான். வெல்டா போய் நின்றாள். நான் ஓட்டுகிறேன், என் ஆள் அந்தப் பக்கம்தான் போகிறான் என்றாள்.

வெண்டல் கண்மேல் வைத்திருந்த ஐஸ் பையைக் கொஞ்சம் விலக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது முப்பத்தெட்டு அடிம்மா. இவ்வளவு பெரிசு ஓட்டிருக்கீங்களா?"

"நாப்பது அடி ஓட்டிருக்கேன். உள்ள அறுபத்திரண்டு பிள்ளைங்க. அதுல ரெண்டு பேருக்கு எப்பவும் வாந்தி."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வெல்டா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள். ஏறிக் கண்ணாடிகளைத் திருப்பினாள். எழுந்து கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜாய்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எடுத்தாள் பாருங்கள். அந்தப் பெரிய முன்கண்ணாடி முழுக்க அரிசோனா வெயில். மஞ்சள் புல், செம்மண் குன்று, பக்கத்திலேயே கூட ஓடி வருகிற சரக்கு ரயில். அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. மே மாதம் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து தன் கைகள் எதற்காக ஏங்கின என்று அப்போதுதான் தெரிந்தது. கோலாவில் கடலையைக் கொட்டித் தானே குடித்தாள். ரயில் டிரைவருக்கு ஹாரன் அடித்தாள், அவன் திருப்பி அடித்தான். ஓரத்து விளம்பரப் பலகைகளைச் சத்தமாகப் படித்தாள். ஜாய்ஸும் சேர்ந்துகொண்டாள். ஒற்றைக் கண்ணோடு வெண்டல் சோபாவில் படுத்தபடி, இரண்டு பெண்களுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முனகினார்.

பீச் ஸ்பிரிங்ஸ் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். எதிரே ஒரு பழுப்புக் கோடு போட்ட வீட்டு வண்டி, பின்னால் சின்னக் கார் துள்ளிக்கொண்டு வர, அலறிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு அவர்களையே பார்த்தபடி போனார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள் ஜாய்ஸ்.

"நாப்பத்தோரு வருசமா" என்றாள் வெல்டா. இரண்டு தடவை ஹாரனைத் தட்டிவிட்டு நேரே போனாள்.

நிறுத்த ஓரம் இல்லை என்று பிறகு சொன்னாள். நிறுத்த மனசும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்னால் காரைக் கட்டியிருந்தால் வீட்டு வண்டியைப் பின்னுக்கு எடுக்க முடியாது, இரண்டையும் இணைக்கிற கட்டை முறிந்துவிடும். ஆகவே லீலண்ட், மனைவி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்க, வட்டமடிக்க ஒரு மைதானம் தேடிப் பீச் ஸ்பிரிங்ஸ் வரை போயே ஆக வேண்டும். போனான்.

கிங்மனில் ஒரு ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. வெல்டா நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், இரண்டு பக்கமும் காது கொடுத்தாள், அப்புறம்தான் எடுத்தாள். பின்னால் பத்து வண்டி கத்தின. பள்ளிப் பேருந்து அப்படித்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம், இதுவும் பள்ளிக்கூட வண்டி என்று நினைப்பு. டாக்டர் ஊசி போட்டார், பயமில்லை என்றார். சாயங்காலம் லீலண்ட் இடம் சொல்லி வைத்திருந்த மைதானத்துக்கு வந்தபோது நாற்காலிகள் தயாராக இருந்தன. ஒரு பெண்மணி மடியில் சோளப்பொரிக் கிண்ணம்கூட வைத்திருந்தாள். அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு மரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே. ஜாய்ஸ் கை காட்ட இறங்கப் போனாள். வேண்டாம், உட்காருங்கள் என்றாள் வெல்டா. ஒரே வீச்சு. முப்பத்தெட்டு அடியும் போய் உட்கார்ந்தது. சோளப்பொரிக்காரிக்கு ஏமாற்றம். ஒரு கிழவர் மட்டும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, கிங்மன் முழுக்க அவளைத் தேடிவிட்டு, லீலண்டின் வண்டி வந்து நின்றது. இறங்கி நடந்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெல்டா ஜாய்ஸின் மடக்கு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பதினாலும் பாத்தேன் வெல்டா" என்றான்.

"தெரியும்."

"அதுல நீ இல்ல." சாவியைக் கைக்குள் உருட்டினான். "நீ கோவத்துல படுத்திருக்கேன்னு நெனச்சு திரைகிட்ட பேசிக்கிட்டே போனேன். அம்பது மைல்."

"என்ன பேசினே?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மைதானமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பேசலாமா என்று மெதுவாகக் கேட்டான். பதினைந்து ஊரில் கூட்டத்துக்கு முன்னால்தானே பேசினாய், இதையும் இங்கேயே சொல் என்றாள் அவள்.

"நீ ஒரு தடவ ஓட்டிட்டா, என்னைவிட நல்லா ஓட்டுறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு சொன்னேன். எனக்கும் தெரிஞ்சிரும். கிடங்குலயும் இப்ப எனக்கு வேல இல்ல, இதுவும் போயிட்டா நான் எதுக்குன்னு பயம்னு சொன்னேன். நீ பதிலே பேசல. சரி, தப்பு என் மேலதான், இனி நீயே ஓட்டுன்னு சொல்லி ட்ரக்ஸ்டன்ல வண்டிய நிறுத்தினேன். சாவிய எடுத்துக்கிட்டு வந்து திரைய விலக்கினா... தலைகாணி."

சோளப்பொரிக்காரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். வெல்டாவுக்குத் திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நாற்பத்தோரு வருடத்தில் இவன் இவ்வளவு பேசியதே இல்லை, பேசியதையும் ஒரு தலையணையிடம் பேசியிருக்கிறானே என்று ஆத்தாமையாக இருந்தது. கையை நீட்டினாள். அவன் சாவியை வைத்தான்.

சின்னக் காரைக் கழற்றினார்கள். லீலண்ட் தானாகவே பின்னால் போய் நின்று கை காட்ட ஆரம்பித்தான். கண்ணாடியில் பார்த்தாள். வலது என்றால் இடது காட்டினான், நில் என்பதற்கும் வா என்பதற்கும் ஒரே கையை ஆட்டினான். அவள் அவனை இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டாளே தவிர வேறெதையும் மதிக்கவில்லை. ஒரே தடவையில் வண்டி கோட்டுக்குள் போய் நின்றது. மைதானம் முழுக்கக் கைதட்டியது. லீலண்ட் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், பதினைந்து தடவை அவனே சொன்னதாயிற்றே.

வெல்டா இறங்கி வந்தாள். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்லாக் காட்டினே."

மறுநாள் காலை பட்டியலை அவள் படித்தாள், அவன் 'ஆச்சு' சொன்னான். பதினாலும் முடிந்தது. லீலண்ட் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு, வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, பெட்டிப் பாம்பாக உட்கார்ந்தான். வெல்டா சாவியைத் திருகவில்லை. எழுந்து பின்னால் நடந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள், குளியலறைக் கதவைத் திறந்தாள், படுக்கைத் திரையை விலக்கிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள்.

"நான் இங்கதான வெல்டா இருக்கேன்?"

"தெரியும். இருந்தாலும் கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் எடுப்பேன். இருபத்தேழு வருசத்துல நான் யாரையும் விட்டுட்டுப் போனதில்ல."

லீலண்ட் உறையிலிருந்து அட்டையை உருவினான், பதினாலாவது வரிக்குக் கீழே பதினைந்து என்று எண் போட்டு, பக்கத்தில் அவள் பெயரை எழுதினான். அவள் சாவியைத் திருகினாள்.