பிரம்பும் ஒரு சுருள் பேண்டேஜும்

2024 ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு அந்தப் பிரம்பு என் கைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி முடிந்து, பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பி, வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி சோதித்து மடிக்கிறவர். வேலையிலிருந்து நேரே வந்து, பிரம்பையும் ஒரு சுருள் பேண்டேஜையும் மேசைமேல் வைத்தார்.

"ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரல டீச்சர். நீங்க அடிக்கவே மாட்டேங்கியன்னு சொல்லுதா. நாலு போடுங்க."

"பேண்டேஜ் எதுக்குக்கா?"

"ஒரு இதுக்குத்தான். கெடக்கட்டும்."

அவர் குரலில் கொடுமை எதுவும் இல்லை. மழைக்காலத்தில் பிள்ளையின் பையில் குடையை வைத்து அனுப்பும் அக்கறையே இருந்தது. ஏழு மணிக்கு வந்து கையைப் பார்ப்பதாகவும், தடம் இல்லையென்றால் மறுநாளே பிள்ளையைச் சேத்தூர் ரோட்டு டியூஷன் சாரிடம் மாற்றிவிடுவதாகவும் சொல்லிப் போனார். அந்த சார் அடிப்பதில் பேர் போனவர். அதனாலேயே அவரிடம் இடம் கிடைப்பது அரிது.

சிறுமி உள்ளங்கையை நீட்டினாள். "அடிங்க மிஸ். நீங்க அடிச்சா செத்த நேரந்தான் வலிக்கும். அந்த சார் அடிச்சா ஒரு வாரம் வலிக்குமாம்."

பள்ளியில் நானும் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். எதற்காக என்பது நினைவில்லை. பிரம்பின் நுனியில் சுற்றியிருந்த பச்சை இன்சுலேஷன் டேப் நினைவிருக்கிறது. பெரிய அடியிலிருந்து காப்பாற்றச் சின்ன அடி அடிக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அவள் கை நீண்டபடியே இருந்தது.

மற்ற ஐவரும் ஆலோசனை வழங்கினார்கள்.

"பெஞ்ச அடிங்க மிஸ், இவ கத்தட்டும்."

"அவங்கம்மா வந்து தடம் கேப்பாகல்ல, மண்டு!"

"கட்டுப் போட்டுட்டா தடம் தெரியாதுல்ல?"

அந்த வாதத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. அவள் கையில் பேண்டேஜைச் சுற்றி, விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையை நடுவில் சொட்டினேன். இலக்கியம் படிக்கும் ஒருத்தி இவ்வளவு மோசமாகப் புனைந்திருக்கக் கூடாது.

ஏழு மணிக்கு அவள் அம்மா வந்தார். சிவப்பைக் கண்டதும் ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"எம்புள்ள கைய என்ன செஞ்சிய? அடிக்கச் சொன்னா இப்பிடியா அடிப்பிய? மனுசிதானா நீங்க?"

கட்டை அவசரமாகப் பிரித்தார். மூன்றாம் சுற்றில் விரல்கள் நிதானமடைந்தன. துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார், முகர்ந்தார்.

"இது மை. எங்க துணியில ரத்தம் இப்பிடிப் பரவாது."

பிள்ளையின் கையைச் சற்று நேரம் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப, அடிக்கவே இல்ல?"

அடித்ததற்கும் அடிக்காததற்கும் ஒரே நிமிடத்தில் நான் குற்றவாளியானேன்.

"பொய் சொல்லக் கத்துக்குடுக்கவா டியூஷன் வச்சிருக்கிய? நாளைக்கே அந்த சார்ட்ட சேத்துருதேன். ஏட்டி, பைய எடு."

பிரம்பு மேசைமேலேயே கிடந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு சிறுமியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பிரம்பை அவர் கையில் கொடுத்து, என் உள்ளங்கையை நீட்டினேன்.

"பொய் சொன்னது நாந்தான்க்கா. நாலு போடுங்க."

"அய்ய, டீச்சரப் போயி அடிப்பாகளா? வளந்த புள்ள!"

"எத்தனை வயசு வரைக்கும் அடிக்கலாம்க்கா?"

அவர் பிரம்பைப் பார்த்தார். குடம் நிறைந்து வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னத்தா, டீச்சருக்கும் வாய்ப்பாடு வரலையோ?" என்றாள்.

"கைய எறக்குங்க டீச்சர், ஆளு பாக்குதாவ."

நான் இறக்கவில்லை. நிலைப்படியில் நின்ற சிறுமி, என்னைக் காப்பாற்றுவதற்காக, ஏழாம் வாய்ப்பாட்டை உரக்க ஒப்பிக்கத் தொடங்கினாள். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்றாள்.

அம்மா கண்களை மூடித் திறந்தார். "அஞ்சு மணிக்கு ஒங்ககிட்டயே அனுப்புதேன். மொதல்ல கைய எறக்குங்க."

இறக்கினேன். பிரம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல், ஏழேகால் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன்.